இருபத்தோராம் சீசன்

சனிக்கிழமை ஏழரைக்கு
‘மாண்புமிகு மான்’ முடியும்.
ஏழு முப்பத்தொன்றுக்கு
உள்துறைமுக வீதித் தேத்தண்ணிக் கடையில்
பஸ்மில் தொடங்குவான்:
“செத்துப்போச்சு மச்சான்.
ஏழாம் சீசனோட செத்துப்போச்சு.
இப்ப ஓடுறது மையத்து.”

சொல்லிவிட்டு
அடுத்த கிழமையும் முதல் ஆளாய் வந்து
தொலைக்காட்சிக்கு நேரெதிர்க் கதிரையைப் பிடிப்பான்.

கிளைவுக்கு அந்தக் கணக்கு சரிவராது.
வெல்டிங் புகை ஏறிய கண்ணைக் கசக்கிக்கொண்டு
“ஏழு இல்ல, ஒன்பது” என்பான்.
“தவிசாளர் மானுக்குக் குரல் குடுத்தவர்
டொராண்டோ போனாரே, அண்டைக்கு.
புதுக்குரல் நல்ல குரல்தான்.
ஆனா பொய் சொல்லமுன்னம்
தொண்டையைச் செருமுறதில்லை.
செருமாத தவிசாளரை
ஆரடாப்பா நம்புவான்?”

நிரோஜினி கச்சேரியில் காணிக்கிளை.
அவளிடம் ஒரு சீஆர் கொப்பி இருக்கிறது,
ஒவ்வொரு பாகத்துக்கும் சிவப்புப் பேனையால் புள்ளி.
நாலாம் சீசன், பதினோராம் பாகம்:
பத்துக்குப் பத்து.
“அதுக்குப் பிறகு நான் ஒருத்தருக்கும்
பத்துப் போட்டதில்லை” என்கிறாள்.
புருசன் பக்கத்திலிருந்து
வடையைப் பிய்க்கிறார்.

அந்தப் பாகம் எங்கள் எல்லோருக்கும் பாடம்.
தவிசாளர் குப்பைமேட்டைத் திறந்துவைக்க வருகிறார்.
கத்தரிக்கோலைக் காணவில்லை.
நாடாவைத் தின்றே திறக்கிறார்.
பிறகு மாலையைத் தின்கிறார்,
உரையைத் தின்கிறார்,
எதிரணியின் கண்டன அறிக்கையைத் தின்று
“உப்புக் காணாது” என்கிறார்.
எத்தனை தரம் பார்த்தாலும் பஸ்மில்
அந்த உப்பில்தான் விழுந்து விழுந்து சிரிப்பான்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே
கோட்டைப் பக்கமிருந்து வந்த நிஜ மானொன்று
யாரோ எறிந்த லஞ்ச் சீட்டை மென்றபடி
வீதியைக் கடந்தது.
ஒரு ஓட்டோ அதற்காக நின்றது.
கிளைவ் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்:
“கால் வரைஞ்சது சரியில்லை.”

நான் அதிகம் கதைப்பதில்லை.
மா ஆலையில் இரவு முறை,
எட்டுக்கு பஸ்.
என் வழக்கு குட்டிமானைப் பற்றியது.
இருபத்தொரு வருசமாய் அது
ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் எழுதுகிறது,
இருபத்தொரு வருசமாய்க் கோட்டை விடுகிறது.
முதல்தரம் எழுதியபோது நானும் எழுதினேன்.
இந்த முறை அக்காவின் மகள்.
அவளுக்கு அது பகிடியாகவே தெரியவில்லை;
“பாவம், அதுக்கு ரியூசன் இல்லையா?” என்று கேட்டாள்.
தொடர் கெட்டுப்போனது எப்போது என்று
நான் அன்றைக்குத்தான் யோசித்தேன்.

இனி, இன்றைய பாகம்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானே கேட்டேன்:
“பலகை விழுந்ததைக் கண்டீங்களா?”

அலை வந்த வருசம்
நாலு கிழமை தொடர் ஓடவில்லை.
திரும்பி வந்தபோது
சபைக் கட்டிடத்துக்குப் பின்னால்
கடல் இருந்த இடத்தில்
சவர்க்கார விளம்பரப் பலகையொன்று நின்றது.
அதற்குப் பிறகு எந்தச் சீசனிலும்
யாரும் அதை நகர்த்தவில்லை.
நாங்களும் அதைப் பற்றி விவாதித்ததில்லை,
குரலைப் பற்றி, உப்பைப் பற்றி
இவ்வளவு கிழித்தும்.

இன்றைக்குக் காற்றில் அது சரிந்தது.
இரண்டு செக்கன்.
பின்னால் நீலமாய், ஒரு வள்ளத்தோடு,
ஒன்றும் செய்யாமல் கிடந்தது.

“புதுப் பெடியன் ஒருத்தன் வரைஞ்சிருப்பான்,
விசயம் தெரியாதவன்” என்றான் கிளைவ்.
“இல்ல. தெரிஞ்சவன்” என்றார்
நிரோஜினியின் புருசன். இவ்வளவு காலத்தில்
தொடரைப் பற்றி அவர் சொன்ன முதல் சொல்.
அவள் கொப்பியை விரித்து
புள்ளிக் கட்டத்தில் பேனையை வைத்தாள்,
எடுத்தாள்.
மை ஒரு பொட்டாய் ஊறியது.

கடைக்காரர் கிளாஸ்களைப் பொறுக்கினார்.
வீதிக்கு அப்பால் துறைமுகத்தில்
ஏதோ கப்பலின் விளக்கு.

“அடுத்த கிழமை நான் வரமாட்டன்”
என்றான் பஸ்மில்.
சொல்லமுன்னம் ஒருதரம்
தொண்டையைச் செருமினான்.